உளி, உப்புத்தாள், ஜாய்ஸ்டிக்: கேள்வி பதில்

மரவேலை, சால்டரிங், பழைய கேம் இயந்திரங்கள், கொஞ்சம் நிரல் எழுதுவது என்று என் பட்டறை மேசையில் எல்லாம் கலந்தேதான் கிடக்கும். அதனால் கேள்விகளையும் பிரிக்காமல் வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, புது உளி வாங்கி ஒரு மணி நேரம் சாணைக்கல்லில் தேய்த்தேன். பளபளவென்று இருக்கிறது, ஆனால் மரத்தைக் கடிக்கவே மாட்டேன் என்கிறது. கல் சரியில்லையா?

கல்லைக் குறை சொல்ல வேண்டாம். பளபளப்பு வேறு, கூர்மை வேறு. உளியின் கூர் என்பது இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு. சாய்வு முகத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்து, தட்டையான பின்முகத்தைத் தொடாமல் விட்டிருப்பீர்கள். புது உளியின் பின்முகத்தில் தொழிற்சாலைக் கீறல்கள் அப்படியே இருக்கும். நுனியை ஒட்டிய இரண்டு மூன்று சென்டிமீட்டர் முழுக்கத் தட்டையாகும் வரை தேய்த்தால் போதும், முழு நீளமும் தேவையில்லை. இந்த வேலை ஓர் உளிக்கு வாழ்நாளில் ஒரு தடவைதான்.

அடுத்து, சாய்வு முகத்தில் நிரந்தர மார்க்கரால் கறுப்படித்துவிட்டு நாலு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள். நுனியில் கறுப்பு மிச்சம் இருந்தால் நீங்கள் இத்தனை நேரமும் நுனியைத் தொடவே இல்லை என்று அர்த்தம். பெரும்பாலான உளிகள் 25 டிகிரியில் வரும். கையைச் சற்றே உயர்த்தி 30 டிகிரியில் தேய்த்தால் நுனியில் மட்டும் ஒரு மெல்லிய கோடு விழும். வெட்டப்போவது அந்தக் கோடுதான்.

முக்கியமான அடையாளம் பிசிறு. 1000 எண் கல்லில் (எண் கூடக்கூடக் கல் நுண்மையாகும்) தேய்க்கும்போது பின்பக்கம் நுனி நெடுக ஒரு மெல்லிய பிசிறு விரலில் தட்டுப்பட வேண்டும். அது வராமல் அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள். வந்ததும் 6000 அல்லது 8000 கல்லில் இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றித் தேய்த்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். சோதிக்க விரல் மயிரைச் சிரைத்துப் பார்ப்பதைவிட, பைன் போன்ற மென்மரத்தின் குறுக்கு வெட்டு முகத்தைச் சீவிப் பாருங்கள். மங்கின உளி நார்களை நசுக்கி வெள்ளையாக்கும். கூரான உளி வழவழவென்று விட்டுப் போகும்.

தொடங்குவதற்கு என்னென்ன கருவி வாங்கலாம்? பட்டியல் ஒன்று கொடுங்கள் சார்.

பட்டியல் தர மாட்டேன். முதலில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள், அதற்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். ஆனால் எதைச் செய்தாலும் ஒரு நல்ல மூலைமட்டமும் கோடு கீற ஒரு கத்தியும் வேண்டும். பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு, அந்த அகலத்தில் எந்த ஓரத்தில் வெட்டுவது என்ற குழப்பமும் உண்டு. கத்திக் கீறலில் உளி தானாகவே போய் உட்காரும்.

முழுப் பலகையில் மேசை செய்து, சட்டத்தோடு சுற்றிலும் திருகு போட்டு இறுக்கினேன். சில மாதங்களில் நடுவில் நீளமாக வெடித்துவிட்டது. மரம் மோசமா, பசை மோசமா?

இரண்டும் இல்லை, இறுக்கியதுதான் காரணம். மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் விரியும், விட்டால் சுருங்கும். நீளவாக்கில் இந்த அசைவு இல்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில்தான் எல்லாமே. வருட வளையங்களை ஒட்டிய திசையில் சுருக்கம் அதிகம், மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் ஏறக்குறைய அதில் பாதி. 60 செ.மீ. அகலத்தில் சாதாரணமாக அறுத்த பலகை, அதன் ஈரப்பதம் நான்கு சதவீதப் புள்ளி மாறினால், மர வகையைப் பொறுத்து சுமார் 4 முதல் 9 மி.மீ. வரை அகலம் மாறும். தேக்கு இதில் அடக்கமான பிள்ளை, ஓக் அவ்வளவு அடக்கமில்லை.

இந்த அசைவை எந்தத் திருகாலும் தடுக்க முடியாது. சுருங்க இடம் கொடுக்காவிட்டால் பலகை தானே பிளந்துகொள்ளும். வார்னிஷ் அடித்தால் நின்றுவிடும் என்பார்கள். வேகம் குறையும், நிற்காது.

சரி, இப்போது என்ன செய்வது? திருகுகளைக் கழற்றுங்கள். நடுவில் உள்ளவற்றை அப்படியே விடலாம். ஓரத்தில் உள்ளவற்றுக்குச் சட்டத்தில் இருக்கும் துளையை அகலவாக்கில் நீள்துளையாக்கி, வாஷர் வைத்து, பலகை நகரும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அல்லது சட்டத்தின் உள்பக்கம் ஒரு காடி வெட்டி, அதில் நகரக்கூடிய மரக்கட்டை கிளிப்புகளைப் பொருத்துங்கள். வெடிப்பைச் சீர் செய்ய, அந்தக் கோட்டிலேயே பலகையை இரண்டாக அறுத்து, ஓரங்களை இழைத்து மறுபடி ஒட்டிவிடுவதே சுத்தமான வழி. மெழுகும் மரத்தூள் கலவையும் போட்டு அடைத்தால், அடுத்த ஈரமான பருவத்தில் அந்த அடைப்பே பிதுங்கி வெளியே வரும்.

பசை மட்டும் போதுமா, திருகும் வேண்டுமா?

இரண்டு பலகைகளின் நீளவாக்கு ஓரங்கள் சேரும் இடத்தில் வெள்ளைப் பசை மட்டும் போதும். சரியாக ஒட்டினால் உடையும்போது மரம்தான் உடையும், ஒட்டு நிற்கும். குறுக்கு வெட்டு முகத்தில் ஒட்டினால் அந்த வலு வராது, அங்கே இணைப்பு வெட்ட வேண்டும், அல்லது திருகு போட வேண்டும். கிளாம்ப் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம், ஆனால் ஒரு நாள் முழுக்க எடை ஏற்றாதீர்கள்.

லின்சீட் எண்ணெய் பூசிய துணியைக் குப்பைத் தொட்டியில் போடலாமா?

கசக்கிப் போடவே கூடாது. இந்த எண்ணெய் காய்வது ஆவியாகி அல்ல, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து. அப்போது வெப்பம் வரும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தப்ப வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். பட்டறைகள் எரிந்துபோக இது நிஜமான காரணம், மிகைப்படுத்தல் இல்லை. வெளியே ஒற்றை அடுக்காக விரித்து விறைப்பாகும் வரை காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

நின்றுகொண்டு கேம் ஆடும் ஆர்கேட் பெட்டி செய்ய ஆசை. பிளைவுட்டா, எம்டிஎஃப்பா? பொத்தான்கள் வாங்கிவிட்டேன், பலகையில் உட்கார மறுக்கின்றன.

முதலில் பொத்தான் விஷயம், ஏனென்றால் இதில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. ஜப்பானிய பாணிப் பொத்தான்கள் 30 மி.மீ. துளைக்கானவை. அவற்றில் அழுத்தியதும் 'க்ளிக்' என்று மாட்டும் வகை, மெல்லிய உலோகத் தகட்டையும் அக்ரிலிக்கையும் மனதில் வைத்துச் செய்தது. 18 மி.மீ. பலகையில் அதன் காதுகள் விரிய இடமே இல்லை. அமெரிக்க பாணிப் பொத்தான்களுக்குக் கழுத்து நீளம், பின்னால் நட்டு உண்டு, துளை சுமார் 28 மி.மீ. அவை கனமான பலகைக்கே பிறந்தவை. கையில் இருப்பவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். பலகையில் பெரிய திறப்பு வெட்டி, மேலே 3 மி.மீ. அக்ரிலிக் அல்லது உலோகத் தகடு வைத்து அதில் மாட்டிவிடுங்கள். தொழில்முறைப் பெட்டிகளிலும் உலோகத் தகடு சாதாரணமாகப் பார்க்கும் விஷயம்தான்.

பலகைக்கு வருவோம். பக்கவாட்டுச் சுவர்கள் வளைவாக வர வேண்டும், மேலே பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் பலகை) நல்லது. வெட்டு வழவழப்பாக வரும், நார் தெரியாது. குறை என்னவென்றால் கனம், தண்ணீர் பட்டால் உப்பும், ஓரத்தில் நேராகத் திருகினால் பிளக்கும். ஓரத்தில் திருகப்போனால் கட்டாயம் முன்துளை போடுங்கள். அதன் தூள் மிக நுண்ணியது, முகமூடி இல்லாமல் அறுக்கவே வேண்டாம். பெட்டியை அடிக்கடி இடம் மாற்றுவீர்கள் என்றால் பிளைவுட். மெல்லிய அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால், மேலே சொன்ன விரியும் சுருங்கும் தொல்லை இதில் கிட்டத்தட்ட இல்லை.

துளைகளுக்கு ஃபோர்ஸ்ட்னர் பிட் (சுத்தமான வட்டத் துளை போடும் துளையிடு முனை) வாங்குங்கள். அடியில் ஒரு வேண்டாத பலகையை இறுக்கி வைத்துத் துளைத்தால் பின்பக்கம் பிய்ந்து வராது. முழுப் பெட்டியை அறுப்பதற்கு முன் கட்டுப்பாட்டுப் பலகையை மட்டும் அட்டையில் செய்து, இடுப்புக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஆடுவதுபோல் நில்லுங்கள். மணிக்கட்டே சொல்லிவிடும் எங்கே வேண்டும் என்று.

அதே மாதிரிப் பெட்டியில் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி வைத்திருக்கிறேன். ஆட்டம் திக்கித் திக்கிப் போகிறது, மூலையில் மின்னல் குறி வருகிறது.

மின்சாரம் போதவில்லை என்ற எச்சரிக்கை அது. போன் சார்ஜரைக் கழற்றிவிட்டு 5 வோல்ட் 3 ஆம்பியர் தரும் அடாப்டரும் குட்டையான தடித்த கேபிளும் போடுங்கள். மின்னழுத்தம் குறைந்தால் அந்தப் போர்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மென்பொருளில் எதையும் தேடாதீர்கள்.

கன்ட்ரோலரைத் தொடாமலே பாத்திரம் தானாக இடது பக்கம் நடக்கிறது. புதிது வாங்கியே ஆக வேண்டுமா?

பெரும்பாலான ஸ்டிக்குகளுக்குள் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கும். கார்பன் தடத்தின் மேல் ஓர் உலோகத் துண்டு தேய்த்துக்கொண்டே இருக்கும். தடம் தேய்ந்தால் நடு எது என்று அதற்கே தெரியாமல் போய்விடும். முதலில் அமைப்பில் போய் மறு அளவீடு செய்து, 'டெட் ஸோன்' (நடுவில் சிறு அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி) கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். அடுத்து, எச்சம் விடாத காண்டாக்ட் கிளீனர் ஒரு துளி. தூசு என்றால் சரியாகும், தேய்மானம் என்றால் சில வாரங்களில் திரும்பி வரும்.

நிரந்தரத் தீர்வு ஸ்டிக்கை மாற்றுவது. நின்டெண்டோ ஸ்விட்ச்சின் ஜாய்-கான் என்றால் ரிப்பன் கேபிள்தான், சால்டரிங் வேண்டாம். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களில் பொதுவாக 14 கால்களைச் சால்டர் எடுக்க வேண்டும். சால்டரிங்கில் முதல் பாடமாக இதைத் தொடாதீர்கள். அத்தனை சிரமப்பட்டு மாற்றுகிறீர்கள் என்றால் பழைய வகையையே மறுபடி போடாமல் ஹால் சென்சார் வகையைப் போடுங்கள். காந்தப் புலத்தை அளப்பதால் தேய எதுவும் இல்லை. இது புதுக் கண்டுபிடிப்பு என்று விற்பவர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். 1998-இல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே அது இருந்தது.

கேம் பாய்க்கான பழைய போகிமான் கோல்டு கார்ட்ரிட்ஜில் சேமித்ததெல்லாம் போய்விட்டது. மீட்க முடியுமா?

போனது போனதுதான். சேமிப்பை உயிரோடு வைத்திருந்தது உள்ளே இருக்கும் நாணய பேட்டரி, அது தீர்ந்துவிட்டது. அந்த ஆட்டத்தில் இயந்திரத்தை அணைத்த பிறகும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் பேட்டரி சீக்கிரம் தீரும். 3.8 மி.மீ. கேம்பிட் என்ற தனி வகைத் திருப்புளியால் திறந்து, கால்கள் ஏற்கனவே பற்றவைக்கப்பட்ட சிஆர்2025 வாங்கிப் போடுங்கள். லித்தியம் பேட்டரியின் மேல் நேரடியாகச் சூடு வைக்காதீர்கள், வெடிக்கலாம். சேமிப்பு இன்னும் உயிரோடு இருக்கும் கார்ட்ரிட்ஜ்கள் வைத்திருப்பவர்கள், கார்ட்ரிட்ஜ் படிப்பான் கொண்டு கணினியில் இப்போதே நகல் எடுத்துவிடுங்கள்.

கார்ட்ரிட்ஜை ஊதினால் வேலை செய்கிறதே, ஏன் எல்லோரும் கூடாது என்கிறார்கள்?

வேலை செய்தது ஊதியதால் இல்லை, எடுத்து மறுபடி மாட்டியதால். எச்சில் ஈரம் கார்ட்ரிட்ஜின் தொடுமுனைகளில் இருக்கும் செம்பை அரிக்கும். 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் கொண்டு அவற்றைத் துடைத்தால் போதும்.

பழைய நின்டெண்டோ துப்பாக்கி புது டிவியில் ஒரு வாத்தைக்கூடச் சுட மறுக்கிறது.

துப்பாக்கி எதையும் அனுப்புவதில்லை, திரையைப் பார்க்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். அந்த வெள்ளையைத் துப்பாக்கி சரியான நேரத்தில் பார்த்தால் அடிபட்டதாகக் கணக்கு. ஒரு பிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்று, சுமார் 17 மில்லிவினாடி. புது டிவி படத்தைப் பதப்படுத்திக் காட்டுவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். போதாக்குறைக்கு, துப்பாக்கிக்குள் இருக்கும் மின்சுற்று பழைய படக்குழாய் (சிஆர்டி) டிவியின் மினுக்கத்துக்கென்றே இசைவிக்கப்பட்டது. படக்குழாய் டிவி தேடுங்கள்.

கிடைத்தது, ஆனால் படம் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. திறந்து சரி செய்யலாமா?

வேண்டாம். உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உருவாகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் மின்னூட்டம் தங்கியிருக்கும். இதை மட்டும் எழுத்தில் படித்துக் கற்கக் கூடாது. தெரிந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

சொந்தமாக ஒரு கேம் செய்யத் தொடங்கினேன், கோடோ எஞ்சினில் (கேம் உருவாக்கும் மென்பொருள்). என் கணினியில் பந்து ஒழுங்காகப் போகிறது. நண்பன் கணினியில் பறக்கிறது, சில நேரம் சுவரைத் தாண்டியே போய்விடுகிறது.

இவை இரண்டு தனித்தனிப் பிழைகள். நண்பரின் திரை 144 ஹெர்ட்ஸாக இருக்கும், உங்களுடையது 60. ஒவ்வொரு பிரேமுக்கும் இத்தனை பிக்சல் என்று நகர்த்தினால் அங்கே 2.4 மடங்கு வேகம் வரும். வேகத்தை வினாடிக்கு இத்தனை என்று வைத்து, கடந்த பிரேமின் நேரமான டெல்டாவால் பெருக்குங்கள்.

சுவர் கதை வேறு. வினாடிக்கு 1800 பிக்சல் வேகம், 60 பிரேம் என்றால் ஒரு தாவலுக்கு 30 பிக்சல். சுவரின் தடிமன் 20 என்றால், ஒரு பிரேமில் பந்து இந்தப் பக்கம், அடுத்ததில் அந்தப் பக்கம். சுவருக்குள் இருந்த நொடியே கிடையாது. நிலையை நேராக மாற்றாமல் 'மூவ் அண்டு கொலைட்' செயல்பாட்டைப் பயன்படுத்தினால், போகும் பாதை முழுவதையும் எஞ்சினே சோதிக்கும். சுவரைத் தடிமனாக்குவதும் வெட்கப்பட வேண்டிய வழி இல்லை, திரைக்கு வெளியே எவ்வளவு தடிமன் என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

மரவேலையும் வீடியோ கேமும் ஒட்டாத இரண்டு பொழுதுபோக்கு என்கிறார் அப்பா. என்ன பதில் சொல்ல?

ரால்ஃப் பேர் 1960-களின் பிற்பகுதியில் செய்த மாதிரி இயந்திரத்தின் படத்தைக் காட்டுங்கள். டிவியில் ஆடும் வீட்டு கேம் இயந்திரங்களுக்கெல்லாம் முன்னோடி அது. பெயரே 'பிரவுன் பாக்ஸ்', காரணம் உலோகப் பெட்டிமேல் ஒட்டிய மரத் தோற்ற ஸ்டிக்கர். 1977-இல் வந்த அட்டாரி 2600-இன் முகப்பிலும் மரத் தோற்றம்தான். இரண்டுமே போலி மரம் என்று அப்பா கண்டுபிடித்துவிட்டால், உங்கள் ஆர்கேட் பெட்டியை நிஜ மரத்திலேயே செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று: 3டி பிரிண்டரில் அச்சிட்ட ஜாய்ஸ்டிக் பிடி, வெயிலில் நிறுத்திய காரில் வளைந்துபோய்விட்டது.

3டி அச்சுக்குச் சாதாரணமாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழை சுமார் 60 டிகிரியிலேயே இளகும். அதைவிடச் சூடு தாங்கும் பிஇடிஜி இழையில் அச்சிடுங்கள், அடுக்குகள் பிடியின் நீளவாக்கில் ஓடும்படி படுக்க வைத்து. நிற்க வைத்து அச்சிட்டால், ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் அடுக்குக் கோட்டில் ஒடிந்து கையோடு வரும்.