பெருக்கல் எங்கே, கூட்டல் எங்கே: கர்ப்ஸ் புள்ளிக் கணக்கு கேள்வி பதில்

கர்ப்ஸ் (GURPS) என்ற, பாத்திரமேற்று ஆடும் மேஜை விளையாட்டின் நான்காம் பதிப்புக்கு ஜிசிஎஸ் (GCS) என்ற கேரக்டர் ஷீட் மென்பொருளில் கேரக்டர் போடுபவர்களின் சந்தேகங்களுக்கான பதில்கள் இவை. இதில் கேரக்டரின் சக்திகளைப் புள்ளி கொடுத்து வாங்க வேண்டும்; குறைபாடுகளுக்கு மைனஸ் விலை, அதாவது புள்ளி திரும்பக் கிடைக்கும்.

20 புள்ளி நெருப்புத் தாக்குதலுக்கு +100% என்ஹான்ஸ்மென்ட் (சக்தியைக் கூட்டி விலையை ஏற்றுவது), −50% லிமிட்டேஷன் (சக்தியைக் கட்டுப்படுத்தி விலையைக் குறைப்பது) போட்டேன். இரட்டித்துப் பாதியாக்கினால் மறுபடி 20தானே? மென்பொருள் 30 காட்டுகிறதே?

30தான் சரி. வழக்கமான விதியில் சதவீதங்களை முதலில் கூட்ட வேண்டும், பெருக்குவது அப்புறம்தான். +100, −50 சேர்ந்தால் +50. 20ஐ 1.5ஆல் பெருக்கினால் 30.

நீங்கள் போட்டதும் வீண் கணக்கு இல்லை. அது விருப்ப விதியாக இருக்கிறது, ஷீட் அமைப்புகளில் அதற்கு ஒரு டிக் உண்டு. என்ஹான்ஸ்மென்ட் ஏராளமாக ஏறிய சக்திகளுக்கு அதுதான் நியாயம் என்பேன். இதே தாக்குதலில் +300% இருந்தால் விலை 80. அதில் −50% சேர்த்தால் கூட்டல் முறையில் 70தான் ஆகும். சக்தியின் பயன் பாதியாகக் குறைந்தும் மிச்சம் வெறும் 10 புள்ளி. பெருக்கல் முறையில் 40. ஆனால் அந்த டிக் ஷீட்டில் உள்ள எல்லாச் சக்திகளையும் பாதிக்கும். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரைக் கேட்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

லிமிட்டேஷன் −95% வந்தும் −80க்கு மேல் குறைய மறுக்கிறது. பிழையா?

பிழை இல்லை, விதியே அதுதான். கழித்துக்கொண்டே போனால் −100இல் சக்தி இலவசமாகிவிடும். அதையும் தாண்டினால் சக்தியை வாங்கியதற்கு நமக்கே புள்ளி தர வேண்டியிருக்கும். ஹீரோ சிஸ்டம் என்ற இன்னொரு விளையாட்டில் இந்த வேலி தேவையே இல்லை. அங்கே லிமிட்டேஷன் வகுக்கும்: 60 புள்ளிச் சக்தியில் −1 போட்டால் 2ஆல் வகுத்து 30, −2 போட்டால் 3ஆல் வகுத்து 20. எவ்வளவு போட்டாலும் பூஜ்யம் வராது.

இன்னொன்று கவனியுங்கள். கூட்டல் முறையில் இந்த −80 எல்லை இறுதித் தொகைக்கு. பெருக்கல் முறையில் லிமிட்டேஷன்களுக்கு மட்டும். 20 புள்ளிக்கு +100%, −95% என்றால் முதல் முறையில் 21, இரண்டாவதில் 8.

அண்ணா, −5 புள்ளி சூதாட்டப் பழக்கத்தில் சுயக்கட்டுப்பாட்டு எண்ணை (பழக்கத்தை அடக்கப் பகடையில் அந்த எண்ணோ அதற்குக் குறைவோ விழ வேண்டும்) 9 ஆக்கினேன். 1.5 மடங்கு என்றால் −7.5. அதை −8 ஆக்காமல் −7 காட்டுகிறதே?

சரியாகத்தான் காட்டுகிறது. குறைபாடுகளில் பின்னத்தை வெட்டிவிட வேண்டும். சக்திகளில் 20.25 வந்தால் 21. இரண்டும் ஒரே திசைதான், பெரிய எண்ணை நோக்கி. −7 என்பது −8ஐ விடப் பெரியது.

துணைவருக்கு (ஹீரோவுக்கு உதவ வரும் பாத்திரம்) அடிக்கடி வருவதற்கான ×3 போடும்போது கையால் போட்ட கணக்கில் 6, மென்பொருளில் 5. ஏன்?

நடுவில் முழுமையாக்கியிருப்பீர்கள். 1 புள்ளித் துணைவர், +50%: 1.5. அதை 2 ஆக்கி மூன்றால் பெருக்கினால் 6. பின்னத்தைத் தொடாமல் பெருக்கினால் 4.5, கடைசியில் 5. முழுமையாக்குவது ஒரே ஒரு முறை, கடைசியில்.

"லெவல்களுக்கு மட்டும்" என்ற தேர்வு எதற்கு?

அடிப்படை விலையும் லெவல் விலையும் தனித்தனியாக உள்ளவற்றுக்கு. அடிப்படை 5, லெவலுக்கு 10, மூன்று லெவல்: 35. −20% மொத்தத்துக்கும் என்றால் 28, லெவல்களுக்கு மட்டும் என்றால் 29.

ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்துவேன் என்று மூன்று சக்திகள்: 40, 30, 12. விலை குறையுமா?

குறையும். மென்பொருளில் மாற்றுச் சக்திகளுக்கான கன்டெய்னரில், அதாவது தொகுப்பில், மூன்றையும் போடுங்கள். விலை கூடியதற்கு முழு 40, மற்றவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு: 6, அப்புறம் 2.4 ஏறி 3. ஆக 49.