மொட்டை மாடியில் எஃப்எம் ஆன்டெனா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புதுக்கோட்டையில் வசிக்கிறேன். கொடைக்கானல் பண்பலை (100.5) சில நாள்களில் தெளிவாகவும் சில நாள்களில் கரகரப்புடனும் கேட்கிறது. மாடியில் யாகி ஆன்டெனா (ஒரு தண்டில் குறுக்காகச் சில குழாய்களை வரிசையாகப் பொருத்திய, ஒரு திசையிலிருந்து வருவதை மட்டும் நன்றாகப் பிடிக்கும் ஆன்டெனா) வைத்தால் பயன் இருக்குமா? எவ்வளவு உயரத்தில் வைப்பது?

பதில்: நிச்சயம் பயன் இருக்கும். ஆன்டெனாவால் முழுப் பலன் கிடைப்பது உங்கள் ஊர் போன்ற தொலைவில்தான். எஃப்எம் அலைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்பவை. மீட்டரில் சொல்லப்படும் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், அந்த உயரத்திலிருந்து அலை எட்டும் அடிவானத் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். சமவெளியிலிருந்து சுமார் 2000 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலுக்கு இது 185 கிலோமீட்டர் அளவில் வருகிறது. உங்கள் வீட்டில் 9 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் இன்னும் 12 கிலோமீட்டர் சேரும். கொடைக்கானலிலிருந்து புதுக்கோட்டை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 145 கிலோமீட்டர்தான் என்பதால், நீங்கள் அடிவானத்துக்குள்ளேயே இருக்கிறீர்கள். சிக்னல் உங்கள் ஊர் வரை வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுச் சுவர்களும் தண்ணீர்த் தொட்டிகளும் அதை மறைக்கின்றன, அவ்வளவே. ஆகவே சுற்றியுள்ள கட்டடங்களைத் தாண்டும் உயரம் போதுமானது; 9 மீட்டரை 12 ஆக்கினால் அடிவானம் இரண்டு கிலோமீட்டர்கூட விரிவதில்லை. மூன்று கம்பி யாகியை நேர் மேற்கே திருப்பிக் கட்டி, ஒருவர் கீழே ரேடியோவைக் கேட்டுக்கொண்டே கைபேசியில் சொல்லச் சொல்ல, மற்றவர் மேலே பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பிப் பாருங்கள். அது சிக்னலை நன்றாகப் பிடிக்கும் முன்பக்கக் கோணம் 60 டிகிரி வரை அகன்றது என்பதால் திசைகாட்டியின் துல்லியம் இங்கே தேவைப்படாது.

கேள்வி: தூர்தர்ஷன் காலத்து அலுமினிய ஆன்டெனா ஒன்று மாடியில் சும்மா கிடக்கிறது. அதையே எஃப்எம்முக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: முதலில் அளவுநாடாவை எடுத்து, கேபிள் இணைக்கப்படும் வளைந்த குழாயின் நீளத்தை அளந்து பாருங்கள். முக்கால் மீட்டர் அளவில் இருந்தால் அது 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரையிலான உயர் சேனல்களுக்கானது. எஃப்எம்முக்குக் குட்டை, விட்டுவிடுங்கள். இரண்டு மீட்டருக்கு மேல் இருந்தால் அது பழைய கீழ் சேனல்களுக்கானது, உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், ஏனெனில் நீளமான குழாயை வெட்டிக் குறைக்க முடியும். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதன்படி நடுவில் உள்ள இணைப்புக் குழாய் சுமார் 1.41 மீட்டர், பின்னால் இருப்பது 1.48 மீட்டர், முன்னால், அதாவது நிலையத்தை நோக்கி இருப்பது 1.31 மீட்டர் என்று வைத்து, ஒன்றுக்கொன்று 60 சென்டிமீட்டர் இடைவெளி விடலாம். ஒரு சென்டிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ காதுக்கு வித்தியாசம் தெரியாது. வளைந்த குழாயை வெட்டும்போது இரு முனைகளையும் மறுபடி பட்டையால் இணைத்து மடிப்பை மூடிவிட வேண்டும். இதை மறந்துவிட்டு, ஆன்டெனா வேலை செய்யவில்லை என்று எழுதுபவர்கள் அதிகம். திருகுகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருப்பதைத் தேய்த்து எடுத்து, பழைய தட்டைக் கம்பியைக் கழற்றிவிட்டு, ஆன்டெனாவின் 300 ஓம்ஸ் மின்மறுப்பைக் கேபிளுக்கு ஏற்ற 75 ஓம்ஸாக மாற்றித் தரும் பேலன் என்ற சிறிய இணைப்பி ஒன்றைப் பொருத்துங்கள். டிவி உதிரிபாகக் கடைகளில் அது இன்னும் கிடைக்கிறது.

கேள்வி: ஆன்டெனாவுடன் பூஸ்டரும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. பூஸ்டர் சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கவும் செய்யும். உள்ளூர்ப் பண்பலை நிலையம் அருகில் இருக்கும் நகரங்களில் நிலைமை இன்னும் மோசமாகும். வலுவான சிக்னல் பூஸ்டரைத் திணறடித்து, ஒரே நிலையம் டயலில் மூன்று நான்கு இடங்களில் கேட்கத் தொடங்கும். தொலைதூர நிலையம் அதனடியில் காணாமல் போய்விடும். கேபிள் 40 மீட்டரைத் தாண்டும்போதோ, ஒரே ஆன்டெனாவிலிருந்து பல அறைகளுக்குப் பிரிக்கும்போதோதான் பூஸ்டருக்கு வேலை இருக்கிறது. அப்போதும் அது கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவை ஒட்டி இருக்க வேண்டும். ரேடியோவின் பக்கத்தில் வைத்தால், கேபிளில் ஏற்கெனவே இழந்ததை அது மீட்டுத் தராது. அந்தப் பணத்தில் நல்ல ஆர்ஜி-6 கேபிள் (டிவி இணைப்புகளுக்குப் பயன்படும் உருண்டைக் கேபிள்) வாங்குங்கள். இந்த அலைவரிசையில் 20 மீட்டருக்கு ஒன்றரை டெசிபெல் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் அதில் இழப்பு இருக்காது. இன்னொன்று, செலவே இல்லாதது: ரேடியோவில் ஸ்டீரியோவை அணைத்து மோனோவில் வைத்தால், பலவீனமான நிலையத்தின் இரைச்சலில் பெரும்பகுதி அந்த நொடியே அடங்கும்.

கேள்வி: வேதாரண்யத்தில் இருக்கிறேன். திருச்சி நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது கோடைக்கால இரவுகளில் இலங்கை நிலையம் மேலே ஏறி வந்துவிடுகிறது. இதற்கு வழி உண்டா?

பதில்: யாழ்ப்பாணம் உங்களுக்குச் சுமார் 80 கிலோமீட்டர், அதுவும் கடல் வழியாக, திருச்சியோ 130 கிலோமீட்டருக்கு மேல். கோடையில் கடல் மேல் குளிர்ந்த காற்றின் மீது வெப்பக் காற்று படியும்போது, அலைகள் அந்த அடுக்குக்குள் சிக்கி வளைந்து, வழக்கத்தை விட வெகு தொலைவு போகும். எஃப்எம் ரேடியோவின் இயல்பு, ஒரே அலைவரிசையில் இரண்டு வந்தால் வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை முற்றிலும் விட்டுவிடுவது. அதனால் சிக்னலைக் கூட்டுவது உதவாது. வேண்டாததைக் குறைக்க வேண்டும். திசை ஆன்டெனாவின் உண்மையான பலம் இதில்தான் இருக்கிறது. கிடைமட்டமாகக் கட்டிய யாகியின் பக்கவாட்டில், அதாவது குழாய்களின் முனைகள் நோக்கும் திசையில், ஆன்டெனாவுக்கு ஏறக்குறைய காது கேட்காது. மேற்கு-வடமேற்கில் இருக்கும் திருச்சிக்கும், தெற்கே சற்றுக் கிழக்காக இருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே உங்கள் வீட்டிலிருந்து 120 டிகிரி அளவுக்குக் கோணம் இருக்கிறது. ஆன்டெனாவைத் திருச்சியிலிருந்து தென்மேற்குப் பக்கமாக 30 டிகிரி திருப்பினால், திருச்சி சிக்னல் பாதியாகக் குறையும். இலங்கை நிலையமோ குழாய் முனைக்கு நேராக வந்து பல மடங்கு குறைந்துவிடும். இந்தப் பேரம் லாபகரமானது. தொந்தரவு வரும் இரவிலேயே மாடிக்குச் சென்று, திருச்சி எந்தத் திசையில் அதிகமாகக் கேட்கிறது என்று தேடாமல், இலங்கை எந்தத் திசையில் மறைகிறது என்று தேடிக் கட்டுங்கள். சில இரவுகளில் காற்றின் அடுக்கு மிக வலுவாக இருக்கும். அப்போது எந்த ஆன்டெனாவும் முழுதாகக் காப்பாற்றாது.

கேள்வி: என் ரேடியோவில் கேபிள் செருகும் துளையே இல்லையே?

பதில்: கேபிளின் நடுக்கம்பியை ரேடியோவின் நீட்டும் ஆன்டெனாவில் முதலைக் கிளிப்பால் பிடிக்கச் செய்யலாம், ஓரளவு பலன் கிடைக்கும். ஆனால் கையடக்க ரேடியோக்கள் இவ்வளவு சிக்னலைத் தாங்காமல் குழம்பக்கூடும். என்னைக் கேட்டால், பழைய கார் ரேடியோ ஒன்றை வாங்கி 12 வோல்ட் அடாப்டரில் இயக்குங்கள். ஓடும் வண்டியில் பலவீனமான சிக்னலைப் பிடிக்கவே வடிவமைக்கப்பட்டது என்பதால், அதன் நுண்ணுணர்வு வீட்டு ரேடியோக்களில் அரிதாகவே இருக்கும். ஆன்டெனா துளையும் பின்னால் தயாராக இருக்கும்.

கேள்வி: இடி, மின்னலுக்கு என்ன பாதுகாப்பு?

பதில்: மின்னலுக்கு முன்பாக மின்கம்பியைச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆன்டெனா கட்டும்போது உயிர் போவது பெரும்பாலும் அதனால்தான். ஆன்டெனாக் கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் தெருவில் போகும் மின்கம்பியைத் தொடாத இடமே கம்பம் நடுவதற்கான இடம். அப்படி ஓர் இடம் உங்கள் மாடியில் இல்லையென்றால் திட்டத்தைக் கைவிடுங்கள். கம்பத்தைத் தடித்த செம்புக் கம்பியால் நேராக மண்ணில் புதைத்த எர்த் கம்பிக்கு இறக்கி, அதை வீட்டின் எர்த்துடனும் இணைக்க வேண்டும். இது நேரடி மின்னலைத் தடுக்காது. அருகில் விழும் மின்னலால் ஏறும் மின்னழுத்தத்தை வடிக்கும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி கேட்கத் தொடங்கும் முன்பே கேபிளை ரேடியோவிலிருந்து பிடுங்கி வெளியே போட்டுவிடும் பழக்கம் தேவை. கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில் அதைக் கீழ்நோக்கி ஒரு வளையமாகத் தொங்கவிட்டால், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

கேள்வி: இதே யாகியில் மத்திய அலை (மீடியம் வேவ்) நிலையங்களும் நன்றாகக் கேட்குமா?

பதில்: கேட்காது. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 320 மீட்டர். அதற்கு யாகி கட்ட ஊரே தேவைப்படும். மத்திய அலைக்கு ரேடியோவுக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பியே (செம்புக் கம்பி சுற்றிய கரிய குச்சி) திசை ஆன்டெனா. ரேடியோவையே சுழற்றிப் பாருங்கள். இரைச்சலை உண்டாக்கும் எல்இடி விளக்கு, கைபேசி சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்தும் பாருங்கள்.