வேலியில் கம்பிகள் குறுக்கிடும் இடத்தைக் கட்டுவதா, வெல்டிங் வைப்பதா?

"ஆட்டுக் கொட்டகையைச் சுற்றிக் கம்பி வேலி போடுகிறேன். படுக்கைக் கம்பியும் நிற்கிற கம்பியும் குறுக்கிடும் இடங்கள் நகராமல் இருக்க வெல்டிங் வைத்துவிடலாமா? கட்டுக் கம்பியால் கட்டுவது தற்காலிக வேலைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெல்டிங் வேண்டாம். அது முதல் பாதிக்குப் பதில். இரண்டாம் பாதிக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒழுங்காகப் போட்ட கட்டைத் தற்காலிக வேலை என்று யார் சொன்னாலும் எனக்கு மனசு பொறுக்காது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தக் கட்டால்தான்.

நான் பினாங்கு, பெருநிலப் பக்கம், நிபோங் திபால் வட்டாரம். அப்பா தோட்டத்தில் முதலில் பால்மரம் வெட்டினார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது வேலிக் கூட்டத்துக்கு மாற்றினார்கள். நாற்றங்காலுக்குள் மாடும் காட்டுப்பன்றியும் நுழையாமல் காப்பது அவர்கள் பொறுப்பு. பள்ளி விடுமுறையில் நானும் போய்க் கம்பி பிடித்துக் கொடுப்பேன். இன்று பாலிக் பூலாவ் டுரியான் தோப்புகளுக்கும் இந்தப் பக்கத்து ஆட்டுப் பண்ணைகளுக்கும் வேலி போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில்.

உங்கள் ஊரை நீங்கள் எழுதவில்லை. கேட்ட விதத்தைப் பார்த்தால் சொந்தக் கையால் செய்கிறீர்கள், சனி ஞாயிறு மட்டும்தான் நேரம், ஹார்ட்வேர் கடையில் கட்டுக் கம்பி கேட்டபோது வீடு கட்டுகிறவர்கள் வாங்கும் கறுப்புக் கம்பியைச் சுருளாகத் தூக்கிக் கொடுத்திருப்பார்கள். அப்படியென்றால் அதைப் பிரிக்காமல் வையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வெல்டிங் ஏன் ஆகாது? வேலிக் கம்பியைக் காப்பாற்றுவது அதன் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் சுமார் 420 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். இரும்பு உருகவோ ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். ஆகவே நீங்கள் பொட்டு வைத்த இடத்திலும் அதைச் சுற்றியும் பூச்சு புகையாகப் போய்விடும். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்து நடுக்கத்தோடு காய்ச்சல் வருவதைப் பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். இன்னொன்றும் உண்டு. படுக்கையாக இழுத்துக் கட்டும் விறைப்பான இழுவைக் கம்பியின் வலுவே அதைக் குளிர்ந்த நிலையில் அச்சு வழியாக இழுத்து மெலிதாக்கியதால் வருவது. சூடு பட்ட இடத்தில் அந்த வலு இருக்காது. அதனால்தான் வெல்டிங் வைத்த வேலி பொட்டில் விடுவதில்லை, பொட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி அறுகிறது.

வெல்டிங் தொழில் செய்யும் அண்ணன் தம்பிகள் கோபிக்க வேண்டாம். கேட்டுக்கும் கிரில்லுக்கும் நீங்கள் செய்யும் வேலையை நான் குறை சொல்லவில்லை. ஆலையில் வெல்டிங் வைத்து முடித்த பிறகு, முழு வலையையும் 450 டிகிரி துத்தநாகக் குழம்பில் முக்கி எடுப்பார்கள். அந்த வலை நல்ல வலை, நானே வாங்கிப் போடுகிறேன். நான் சொல்வது பூச்சுக் கம்பியை வயலில் நிறுத்திவிட்டு, மெஷினைக் கொண்டுவந்து ஒவ்வொரு சந்திப்பிலும் பொட்டு வைப்பதைப் பற்றி மட்டும்.

அதை என் தங்கை வீட்டிலேயே பார்த்தேன். அவர்கள் பண்ணை கடலுக்குப் பக்கம், ஆற்று முகத்துவாரக் காற்று நேராக அடிக்கிற இடம். நான் அப்போது தீவுப் பக்கம் ஒரு பெரிய தோப்பு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு அவசரம். யாரோ ஒரு குத்தகைக்காரர் வந்து, "கட்டெல்லாம் பழைய காலம், வெல்டிங் வச்சா உங்க பேரப்பிள்ளை காலம் வரைக்கும் அசையாது" என்று சொல்லி, ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். முதல் வருஷம் வேலி அழகாகத்தான் இருந்தது. அடுத்த மழைக்காலம் முடியும்போது தங்கை போன் பண்ணினாள்.

"அண்ணே, ஆடு பூராவும் சீனத்து அங்கிள் பயத்தங்காத் தோட்டத்துல நிக்குது. சீக்கிரம் வாங்கண்ணே."

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு சந்திப்பிலும் பயறு அளவுக்கு ஒரு பழுப்புப் புடைப்பு, அதிலிருந்து கீழே வடிந்த துருக்கோடு. ஒரு சந்திப்பைப் பிடித்து இரண்டு விரலால் மடக்கினேன், பொட்டுக்குப் பக்கத்தில் பட்டென்று முறிந்தது. முறிந்த முகத்தில் கால்வாசிதான் வெள்ளை இரும்பு, மற்றதெல்லாம் துரு. ஆடு வேலியை முட்டி உடைக்கும் என்று நினைக்காதீர்கள். வெளியே தழை தெரிந்தால் முன்னங்கால் இரண்டையும் நடுக் கம்பியில் ஊன்றி ஏறி நிற்கும். அந்தப் பாரம் முழுவதும் சந்திப்புகளில்தான் இறங்கும். நான்கைந்து சந்திப்பு விட்டுப்போனால் நிற்கிற கம்பி ஒதுங்கும், தலை போகிற இடைவெளி கிடைத்துவிடும். தலை போனால் ஆடு போனது மாதிரிதான்.

அந்த அங்கிளிடம் தங்கை இழப்புக் கொடுத்தாள். அவரும் பெருந்தன்மையானவர், பாதிதான் வாங்கினார். ஆனால் படுக்கைக் கம்பி முழுவதையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. பொட்டு வைத்த இடமெல்லாம் வலு போன கம்பியை மறுபடி இழுக்க முடியாது.

மாப்பிள்ளை என்னோடு நின்று வேலை செய்தார். முதல் வரிசையைப் பார்த்துவிட்டு மலைத்துப்போனார்.

"மச்சான், ஒவ்வொண்ணையும் கையாலயா கட்டணும்?"

"ஆமா மாப்பிள்ளை. ஆடு ஒவ்வொண்ணையும் காலால சோதிச்சுப் பாக்குமே."

இனி கட்டு. கட்டுவதற்கு முன் படுக்கைக் கம்பி முழு இழுப்பில் இருக்க வேண்டும். மூலைத் தூண் அசையாமல் நின்று, ராட்செட்டில் (கம்பியை இழுத்து இறுக்கும் பல்சக்கரக் கருவி) இழுத்து முடித்த பிறகே நிற்கிற கம்பியைக் கையில் எடுங்கள். தளர்ந்த கம்பியில் கட்டிவிட்டுப் பிறகு இழுத்தால் கட்டெல்லாம் சாய்ந்து பிடியை விட்டுவிடும். உச்சி வெயிலில் வீணைத் தந்தி மாதிரி இழுக்கவும் வேண்டாம். 50 மீட்டர் கம்பிக்கு 20 டிகிரி சூடு ஏறி இறங்கினால் 12 மி.மீ. நீளம் கூடிக் குறையும். வெயிலில் இறுக்கியது, மாலை மழையில் குளிர்ந்ததும் மூலைத் தூணைப் பிடித்து இழுக்கும். இதே காரணத்துக்காகத்தான் மரத் தூணில் யூ ஆணியை முழுக்க அடிக்கக் கூடாது என்பார் அப்பா. தூணில் கம்பி ஓட வேண்டும், சந்திப்பில் மட்டும் ஓடக் கூடாது.

கட்டுக்கு மென்மையான ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி), 16ஆம் நம்பர், அதாவது சுமார் 1.6 மி.மீ. இழுவைக் கம்பியின் மிச்சத் துண்டால் கட்டாதீர்கள். அது விறைப்பு, சுற்றினாலும் விரிந்துகொண்டே இருக்கும். ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடவே வெட்டிக்கொள்ளுங்கள். நிற்கிற கம்பி உங்கள் பக்கமும் படுக்கைக் கம்பி அதற்குப் பின்னாலும் இருக்கட்டும். துண்டின் நடுவைச் சந்திப்பின் மேல் குறுக்காக வையுங்கள், இடது மேலிருந்து வலது கீழாக. இரண்டு முனையையும் பின்னால் கொண்டுபோய், மேலே போன முனையைப் படுக்கைக் கம்பிக்குப் பின்னால் நேராகக் கீழே இறக்குங்கள், கீழே போன முனையை அதே மாதிரி மேலே ஏற்றுங்கள். இப்போது இரண்டும் எதிர் மூலைகளில் முன்பக்கம் வரும். அவற்றை மற்றக் குறுக்கில் ஒன்றையொன்று கடந்து போகவிட்டால் முன்னால் ஒரு பெருக்கல் குறி விழும். பின்னால் பார்த்தால் இரண்டு நேர்க்கோடு. அப்படி இருந்தால் சரி.

பிடி கிடைப்பது இங்கேதான், கவனமாகப் படியுங்கள். ஒரு முனையைப் பிளையரால் உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்தபடியே படுக்கைக் கம்பியைச் சுற்றி மூன்று சுற்று, சுற்றுக்குச் சுற்று இடைவெளி இல்லாமல். மறு முனையை நிற்கிற கம்பியில் அதே மாதிரி மூன்று சுற்று. இரண்டு முனையையும் ஒரே கம்பியில் சுற்றினால் மற்றக் கம்பிக்கு நழுவ வழி கிடைக்கும். ஆளுக்கொரு முனை கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். புதியவர்கள் எல்லாரும் முறுக்கி இறுக்கப் பார்ப்பார்கள். முறுக்கு இறுக்காது, இறுகியதைப் பூட்டும், அவ்வளவுதான். இறுக்குவது இழுப்பு. கம்பியின் மேல் துத்தநாகம் செதிலாக உரியத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது, அந்தத் துண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு துண்டு எடுங்கள். கடைசி முனையை ஒட்ட வெட்டி, ஆட்டின் பக்கம் நீட்டாமல் உள்ளே அமுக்கிவிடுங்கள். கண்ணில் குத்தும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நிற்கிற கம்பியைப் பிடித்து உள்ளங்கையால் பக்கவாட்டில் ஒரு தட்டு. கட்டு நகர்ந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். ஒன்றை விட்டால் அதன் பாரம் பக்கத்துக் கட்டுக்குப் போகும்.

இதை ஏதோ கிராமத்துக் கைவேலை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. முள்கம்பிக்கு அமெரிக்காவில் ஜோசப் கிளிடன் 1874இல் காப்புரிமை வாங்கினார். அவர் தீர்த்தது இதே பிரச்சினையைத்தான். கம்பியில் கோத்த முள் வழுக்கிக்கொண்டு ஓடாமல் இருக்க, இரண்டாவது கம்பியைச் சேர்த்து முறுக்கிப் பூட்டினார். இன்று ஆலையில் பின்னிவரும் கால்நடை வேலியிலும் 'ஹிஞ்ச் ஜாயின்ட்' என்பது நிற்கிற கம்பியைத் துண்டு துண்டாக வெட்டிப் படுக்கைக் கம்பியில் சுற்றிய கட்டு. 'ஃபிக்ஸட் நாட்' என்றால் நிற்கிற கம்பி வெட்டாமல் மேலிருந்து கீழ்வரை ஓடும், தனித் துண்டு ஒன்று சந்திப்பைச் சுற்றிப் பூட்டும். அப்பா கையால் போட்ட கட்டும் இந்த இனம்தான்.

கறுப்புக் கம்பி விஷயம். அதில் பூச்சே கிடையாது. கட்டுமானத்தில் அது நிலைப்பதற்குக் காரணம், கான்கிரீட்டின் காரத்தன்மைக்குள் மூடிக் கிடப்பது. வெளியே கடல் காற்றில் சீக்கிரம் துரு பிடித்து இற்றுவிடும். போகிறபோது தனியாகவும் போகாது. பூச்சில்லாத இரும்பு ஒட்டியிருந்தால், துத்தநாகம் தன்னைக் கரைத்து அதைக் காப்பாற்றப் பார்க்கும். ஆக உங்கள் நல்ல கம்பியின் பூச்சைக் கறுப்புக் கம்பி தின்றுவிடும். செம்புக் கம்பியால் கட்டச் சொல்லி எங்காவது படித்தால் தயவு செய்து கேட்காதீர்கள், உப்பு ஈரத்தில் அது இன்னும் மோசம். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி என்றால் பிளையர் கடித்த இடத்தில் உறை பிளக்காமல் பாருங்கள், பிளந்தால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும்.

ராட்செட் பிடிக்கும்போது கண்ணாடி போடுங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. இழுப்பில் இருந்த கம்பி ஒன்று அறுந்து சுழன்றதில்தான் அப்பாவின் இடது கண் போனது. தோட்டத்தில் கேட்டால் "அவர் குத்தகை ஆளு, எங்க கணக்குல இல்ல" என்றார்கள். குத்தகைக்காரரைக் கேட்டால் "தோட்டத்து வேலைதானே, அங்க போய்க் கேளுங்க" என்றார். வேலையில் அடிபட்டவர்களுக்கு உதவும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ மலேசியாவில் 1971லிருந்து இருக்கிறது. அப்பா பெயரில் ஒரு மாதச் சந்தாகூட யாரும் கட்டவில்லை. அம்மா கோப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஏறி இறங்கியதுதான் மிச்சம். அந்தத் தோட்டத்தைச் சுற்றி அவர் போட்ட வேலிக்குள் எத்தனையோ வருஷம் நாற்று வளர்ந்தது, கன்று வளர்ந்தது, லாபம் வளர்ந்தது. போட்டவருக்கு ஒரு கையெழுத்துப் போட ஆளில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் இதை ஏன் எழுதுகிறார் என்று யாராவது கேட்பீர்கள், கேளுங்கள். உங்களிடம் சம்பளத்துக்கு ஒரு ஆள் வேலை செய்தாலும் அவர் பெயரில் சொக்சோ கட்டுங்கள். 2019லிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு, அதனால் பங்களாதேஷ் தம்பிதானே என்று விட்டுவிடாதீர்கள்.

"இவ்வளவு கட்டு கட்ட நேரம் ஏது, ஆலை வலை வாங்கிப் போட்டால் போச்சு" என்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாங்குங்கள், தப்பில்லை. நீளமான சமநிலத்துக்கு அதுதான் லாபம். ஆனால் மேடு பள்ளம், வாய்க்கால் குறுக்கே போகிற இடம், மூலை, வலை முடிந்து வலை தொடங்கும் இடம், இங்கெல்லாம் கையால் கட்டித்தான் ஆக வேண்டும்.

ஏற்கெனவே கறுப்புக் கம்பியால் சில வரிசை கட்டிவிட்டீர்களா? வெட்டி எடுங்கள், அதன் மேலேயே ஜி.ஐ. கட்டுப் போடாதீர்கள். வெல்டிங் பொட்டு வைத்துவிட்டீர்கள் என்றால் இரும்புத் தேய்ப்பானால் கருக்கை நன்றாகத் தேய்த்து, துத்தநாகப் பெயிண்ட் இரண்டு பூச்சுக் கொடுங்கள். படுக்கைக் கம்பியை மாற்றும் வரை அது தாக்குப் பிடிக்கும். கீழ் இரண்டு வரிசையிலிருந்து தொடங்குங்கள், குட்டிகள் முதலில் தலையை விடுவது அங்கேதான்.