பேதி நின்றால் நல்லதுதானா?

கேள்வி: நிமோனியாவுக்காக ஐ.சி.யூ.வில் இருக்கும் அப்பாவுக்கு ‘சி. டிஃப்’ என்ற குடல் கிருமியால் நாளுக்கு ஏழெட்டு முறை பேதி. நேற்று நின்றுவிட்டது, வயிறு மட்டும் உப்பியிருக்கிறது. தேறிவருகிறாரா? ஊசியில் ஏற்கெனவே வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் போகிறது; மூக்குக் குழாயிலும் அதையே ஏன் கொடுக்கிறார்கள்?

பதில்: வயிறு இளகி, காய்ச்சல் இறங்கி, பேதியும் நின்றால் நிம்மதி. வயிறு உப்பிக்கொண்டே பேதி நின்றால் கவலைப்பட வேண்டும். குடல் அசைவு நின்று, வெளியேற வேண்டியது உள்ளேயே தேங்குகிறது என்று பொருள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் பெருங்குடல் 6 செ.மீ.க்கு மேல் விரிந்திருந்தாலோ, ரத்த அழுத்தம் சரிந்தாலோ அறுவை சிகிச்சை நிபுணரை அன்றே அழைக்க வேண்டும். ரத்தத்தில் லாக்டேட் (உடல் திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது சேரும் பொருள்) ஏறும்வரை காத்திருந்தால் குடலை அகற்றினாலும் பிழைப்பது கடினம்.

மருந்து ஒன்றுதான், பாதைதான் வேறு. ஊசியில் ஏற்றும் வான்கோமைசின் சிறுநீரில் வெளியேறிவிடும். குடலின் உட்புறத்துக்குப் போதிய அளவு வராது. குழாயில் கொடுப்பதோ ரத்தத்தில் அதிகம் கலக்காமல் கிருமி இருக்கும் இடத்துக்கே போகும். வழக்கமான அளவு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 125 மி.கி., 10 நாள். உங்கள் அப்பாவைப் போல முற்றிய நிலையில் அதே இடைவெளியில் 500 மி.கி.; கூடவே மெட்ரோனிடசோல் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் 500 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாய் வழியே. குடல் அசையாவிட்டால் மேலே விடும் மருந்தும் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதனால் 500 மி.கி. வான்கோமைசினை 100 மி.லி. சலைனில் கலந்து, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை எனிமாவாகவும் கொடுப்பார்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

நிமோனியாவுக்கான ஆன்டிபயாடிக் இனியும் தேவையா என்று கேளுங்கள். குடலின் நல்ல பாக்டீரியாக்களை அழித்து இந்தக் கிருமிக்கு இடம் கொடுத்ததே அதுதான். பேதியை நிறுத்தும் லோபரமைடு வேண்டாம். மார்ஃபின் வகை வலி மருந்துகளும் குடலைக் கட்டிப்போடும்.

கேள்வி: நோயாளியைத் தொட்டபின் சானிட்டைசர் போதுமா?

பதில்: போதாது. இக்கிருமியின் வித்துகள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம்) ஆல்கஹாலுக்குச் சாகாது. கையுறை, மேலங்கி போட்டுக்கொள்ளுங்கள். கழற்றியதும் சோப்பு, தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கட்டில் கம்பியை முதலில் அழுக்குப்போகத் துடைத்துவிட்டு, 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர் சேர்த்த கரைசலால் 10 நிமிடம் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். பூசியதும் உலர்ந்துவிட்டால் பயனில்லை.

கேள்வி: சிகிச்சை முடிந்ததும் மலத்தை மறுபடி சோதிக்கலாமா?

பதில்: வேண்டாம். குணமானவருக்கும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் வரலாம். 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போனால் மட்டும் சோதியுங்கள்.