யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பாடசாலைகளில் முதலாம் தர அனுமதி: கேள்வி பதில்

ஆரம்பப் பிரிவில் நெடுங்காலம் கற்பித்து, அனுமதிக்கான நேர்முகப் பரீட்சைச் சபையிலும் சில ஆண்டுகள் அமர்ந்திருந்தேன் என்பதால், பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. புள்ளித் திட்டத்தில் ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றங்கள் வருவதுண்டு. ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே இதை வாசியுங்கள்.

கொய்யாத்தோட்டத்திலிருந்து ஒரு தாய்: ஐயா, நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர். பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கொடுத்தால் கத்தோலிக்கப் பாடசாலையில் இடம் நிச்சயம்தானே?

நிச்சயமில்லை, அம்மா. ஊரில் நாம் ‘கத்தோலிக்கப் பாடசாலை’ என்று ஒரே பெயரால் அழைப்பவை உண்மையில் இரண்டு வகை. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் வந்தபோது, திருச்சபை நடத்திவந்த உதவி பெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. புனித பத்திரிசியார் கல்லூரியைப் போன்ற சில மட்டும் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாகத் திருச்சபையின் முகாமையிலேயே நின்றன. வாசலில் புனிதரின் பெயரும் முற்றத்தில் மாதாவின் கெபியும் இரண்டு வகையிலும் இருப்பதால் வெளியில் நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அனுமதி முறை அடியோடு வேறு.

தனியார் பாடசாலையில் விண்ணப்பத்தைக் கேட்பதும் பிள்ளைகளைத் தெரிவுசெய்வதும் முகாமையே. அங்கே ஞானஸ்நானச் சான்றிதழோடு பங்குத்தந்தையின் கடிதத்துக்கும் நிறை உண்டு. அரசு பொறுப்பேற்ற பாடசாலையிலோ கல்வி அமைச்சின் சுற்றறிக்கைதான் ஆளும். அந்தச் சுற்றறிக்கையில் பலர் கவனிக்காத ஒரு பந்தி இருக்கிறது: மேற்சொன்ன சட்டங்களின் கீழ் பொறுப்பேற்கப்பட்ட பாடசாலைகளில், பொறுப்பேற்ற வேளையில் ஒவ்வொரு சமயத்துப் பிள்ளைகளும் எந்த விகிதத்தில் படித்தார்களோ, அந்த விகிதத்திலேயே இன்றும் முதலாம் தர வெற்றிடங்களைப் பிரிக்க வேண்டும்.

ஓர் உதாரணத்துக்கு, வெற்றிடம் 100 என்றும், அன்றைய விகிதம் கத்தோலிக்கர் 60, சைவர் 40 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கருக்குரிய 60 இடங்களும் பல ஆண்டுகளாக வழக்கிலுள்ள வகுதிகளின்படி மறுபடி பிரியும். அண்மையில் வசிப்போருக்கு 50 சதவீதம் என்பதால் 30 இடம். பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 சதவீதம் என்பதால் 15. ஏற்கெனவே அங்கு படிப்பவரின் சகோதரருக்கு 15 சதவீதம் என்பதால் 9. மிகுதி ஆறும் கல்வித்துறையில் பணியாற்றுவோர், இடமாற்றம் பெற்று வந்தோர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் ஆகியோரின் பிள்ளைகளுக்குரியவை. ஆக, ஞானஸ்நானச் சான்றிதழ் உங்கள் பிள்ளை எந்த வரிசையில் நிற்பது என்பதைத்தான் தீர்மானிக்கிறது. அந்த வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதை உங்கள் வீட்டுப் பத்திரங்களே தீர்மானிக்கின்றன.

நல்லூரிலிருந்து ஒரு தந்தை: நாங்கள் சைவர்கள். விண்ணப்பிப்பதில் பொருளுண்டா? சேர்ந்தால் பிள்ளை கத்தோலிக்க சமயம் படிக்க வேண்டிவருமா?

தாராளமாக விண்ணப்பிக்கலாம். மேலே சொன்ன விகிதத்தில் சைவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஒரு சமயத்தவரின் விண்ணப்பங்கள் அவர்களுக்குரிய இடங்களைவிடக் குறைந்தால், மிகுதி இடங்கள் மற்றச் சமயத்தவருக்கே பகிரப்படும். பாடத்தைப் பொறுத்தவரை உங்கள் பிள்ளைக்குச் சைவநெறியே கற்பிக்கப்படும். காலை ஒன்றுகூடலில் செபம் சொல்லும்போது அமைதியாக நின்றால் போதும். கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் படிக்கும் பாடசாலைகளைத் திருச்சபை மதிக்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965ஆம் ஆண்டு கல்வி பற்றிய ஏட்டில் எழுதிவைத்திருக்கிறது.

பெயர் குறிப்பிட விரும்பாத ஒருவர்: மனைவி கத்தோலிக்கர், நான் சைவன். பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. விண்ணப்பத்துக்கு முன்னர் கொடுத்துவிட்டால் வாய்ப்புக் கூடுமா?

இதை ஒளிக்காமல் கேட்டதற்கு நன்றி. பலர் கேட்காமலே செய்கிறார்கள். நம் நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் இனம் இருக்குமேயன்றிப் பிள்ளையின் சமயம் இருக்காது. ஆதலால் சமயத்துக்குச் சான்று ஞானஸ்நானப் பதிவுதான், அதில் திகதியும் இருக்கும். குழந்தை பிறந்த முதற் சில வாரங்களில் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 867ஆம் இலக்கம் சொல்கிறது. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு மூன்று கிழமைக்கு முந்திய ஞானஸ்நானத்தைப் பார்க்கும் எவருக்கும் சந்தேகம் எழத்தான் செய்யும். மேலும், பிள்ளை அந்த விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கை அறவே இல்லையாயின் ஞானஸ்நானத்தைப் பிற்போடும்படி 868ஆம் இலக்கம் பங்குத்தந்தைக்குச் சொல்கிறது.

நீங்கள் இருவரும் உண்மையாகவே பிள்ளையைக் கோவிலில் வளர்க்க எண்ணினால், பாடசாலையை மறந்துவிட்டுப் போய்ப் பங்குத்தந்தையோடு பேசுங்கள். இடத்துக்காக மட்டும் என்றால், என் தனிப்பட்ட கருத்து, வேண்டாம். சைவருக்குரிய பங்கில் போட்டி குறைவான பாடசாலைகளும் உண்டு; வரிசை மாறி நின்றதால் இடத்தை இழந்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

குருநகரிலிருந்து ஒரு தந்தை: பாடசாலை எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். அப்படியிருந்தும் சென்ற ஆண்டு மூத்தவனுக்குப் புள்ளி வெட்டப்பட்டது. ஏன்?

தூரம் வீதியால் அளக்கப்படுவதில்லை. உங்கள் வீட்டை மையமாகவும், நீங்கள் விரும்பும் பாடசாலை வரையான நேர்கோட்டுத் தூரத்தை ஆரையாகவும் கொண்டு வரைபடத்தில் ஒரு வட்டம் கீறுவார்கள். அந்த வட்டத்துக்குள் ஆரம்பப் பிரிவுள்ள வேறு அரச பாடசாலை ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். நகரக் கரையோரத்தில் பாடசாலைகள் நெருங்கியிருப்பதால், அரைக் கிலோமீற்றருக்குள் வசிப்பவர்கூடப் புள்ளி இழப்பார்; கிராமத்தில் இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பவர் எதையும் இழக்கமாட்டார். ஆனால் உங்கள் பிள்ளை சேரவே முடியாத பாடசாலையை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆண் பிள்ளைக்குப் பெண்கள் பாடசாலையைக் கணக்கிட்டுப் புள்ளி வெட்டிய ஒரு சம்பவத்தை நானே சபையில் இருந்தபோது கண்டு திருத்தினேன். ஆகவே வட்டத்தை நீங்களும் ஒருமுறை கீறிப் பாருங்கள்.

அரியாலையிலிருந்து ஒரு தாய்: வீடு என் அம்மாவின் பெயரில் இருக்கிறது. தண்ணீர்ப் பட்டியலும் எங்களிடம் இல்லை. என்ன செய்வது?

சுற்றறிக்கை எழுதுபவர் கொழும்பிலிருந்து எழுதுகிறார். நமது வளவில் கிணறு இருக்கிறது, பட்டியல் எங்கிருந்து வரும்? கவலைப்பட வேண்டாம், வதிவிடத்தை உறுதிப்படுத்தும் மற்றப் பத்திரங்களுக்கும் புள்ளி உண்டு: மின்சாரப் பட்டியல், தொலைபேசிப் பட்டியல், தேசிய அடையாள அட்டை முகவரி, வங்கிக் கடிதம் போன்றவை. இவற்றில் பெரிய பங்கு, விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து ஆண்டுகளின் வாக்காளர் இடாப்புப் பதிவுக்குத்தான். கணவர் தமது தாய்வீட்டு முகவரியிலேயே பதிவை விட்டுவைத்திருப்பது நம்மூரில் மிகச் சாதாரணமான தவறு. கலியாணமாகிச் சீதன வீட்டுக்கு வந்தவர், பதிவை மாற்ற நினைப்பது பிள்ளைக்கு நாலு வயதாகும்போதுதான்.

வீட்டின் உறுதிப் பத்திரம் உங்கள் அம்மாவின் பெயரில் இருந்தாலும் புள்ளி கிடைக்கும். உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ இருந்தால் கிடைப்பதைவிடக் குறைவு. சீதனமாகத் தருவதென்று பேசிய வீடு எழுதப்படாமலே கிடக்கிறதென்றால், நொத்தாரிசிடம் போவதைப் பிற்போட வேண்டாம். கடைசி மாதத்தில் எழுதிய உறுதிக்குப் பழைய உறுதியின் பெறுமதி இல்லை. வாடகைக்கு இருப்பவர் வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தை நம்பாமல், பதிவுசெய்த குத்தகை உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாசையூரிலிருந்து ஒரு தந்தை: நான் பழைய மாணவன். ஆனால் 1995 இடப்பெயர்வோடு படிப்பு இரண்டு பாடசாலைகளாகப் பிரிந்துவிட்டது. விடுகைப் பத்திரமும் இல்லை.

பழைய மாணவர் வகுதியில் அந்தப் பாடசாலையில் படித்த ஆண்டுகளின் எண்ணிக்கைக்கே முதன்மையான புள்ளி. முதலில் பாடசாலை அலுவலகத்தில் சேர்வு இடாப்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெயரையும் பிறந்த திகதியையும் சேர்ந்த ஆண்டையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் எழுதுவினைஞருக்கும் வேலை இலகு. சேர்விலக்கம் கிடைத்துவிட்டால் விடுகைப் பத்திரத்தின் பிரதியைப் பெற்றுக்கொள்ளலாம். இடாப்பே அழிந்திருந்தால், தேர்ச்சி அறிக்கை, பரிசுச் சான்றிதழ், புலமைப்பரிசில் பெறுபேறு ஆகியவற்றில் எது மிஞ்சியிருக்கிறதோ அதைக் கொண்டுபோங்கள். ஒருவர், ஓரம் கறையான் தின்ற நான்காம் ஆண்டுத் தேர்ச்சி அறிக்கையைப் பொலித்தீனுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அதிபரின் கையெழுத்தும் முத்திரையும் தெளிவாக இருந்தன, சபை ஏற்றுக்கொண்டது.

ஞானஸ்நானப் பதிவேடு தொலைந்தவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். பதிவேடு இல்லாதபோது, யாருக்கும் பாதகமில்லையாயின், ஐயத்துக்கு இடமற்ற ஒரே ஒரு சாட்சியின் கூற்றுப் போதும் என்கிறது திருச்சபைச் சட்டம் 876. ஞானப்பெற்றோர் உயிரோடிருந்தால் அவர்களோடு பங்குத்தந்தையிடம் போகலாம்.

சுண்டுக்குளியிலிருந்து ஒரு தாய்: நேர்முகத்தில் பிள்ளையிடம் எழுத்து, இலக்கம், செபம் எல்லாம் கேட்பார்களா? ‘அன்பளிப்பு’ கேட்டால் கொடுக்க வேண்டுமா?

அரச பாடசாலையில் நேர்முகம் பெற்றோருக்கும் அவர்களுடைய பத்திரங்களுக்கும்தான். முதலாம் தரத்துக்குப் பிள்ளையைப் பரீட்சிக்க இடமில்லை. அனுமதி பெறும் ஆண்டின் ஜனவரி 31ஆம் திகதி ஐந்து வயது பூர்த்தியாகியிருந்தால் சரி. ஆனாலும் விறாந்தையில், புதுச் சப்பாத்துக் கடிக்க நின்ற ஒரு சின்னவளுக்கு, ‘அருள்நிறைந்த மரியே’ செபத்தை அவளுடைய தாய் ஏழெட்டுத் தரம் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்தேன். உள்ளே வந்ததும் நாங்கள் கேட்டது வாக்காளர் இடாப்பை. அனுமதிக்காகப் பணமோ பொருளோ வாங்குவது தடைசெய்யப்பட்டது. யாராவது கேட்டால் எழுத்தில் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இளவாலையிலிருந்து ஒரு தந்தை: தற்காலிகப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அடுத்த வழி என்ன?

பட்டியல் அறிவித்தற் பலகையில் போடப்பட்டதும் அதில் குறித்த கால எல்லைக்குள் மேன்முறையீடு எழுதுங்கள். ‘என் பிள்ளைக்கு அநியாயம்’ என்று எழுதுவதால் பயனில்லை. எந்த வகுதியில், எந்தத் தலைப்பின் கீழ், எத்தனை புள்ளி தவறாகக் குறைந்தது, அதற்குரிய பத்திரம் எது என்று எழுத வேண்டும். தகுதியற்ற ஒருவர் பட்டியலில் இருப்பதாகச் சான்றோடு தெரிந்தால் ஆட்சேபனையும் தெரிவிக்கலாம். அதற்கும் அப்பால், சமத்துவ உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றம் போவதாயின் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாதமே தருகிறது. ஆகவே மேன்முறையீட்டின் பதிலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டிராமல் அப்போதே சட்டத்தரணியைக் காண வேண்டும்.

மீண்டும் அதே தந்தை: விண்ணப்பத்தை நேரில் கொடுத்தாற் போதுமா?

பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபாற் கந்தோரில் தரும் பற்றுச்சீட்டை, பட்டியல் வந்து பிள்ளை வகுப்பில் இருக்கும்வரை எறிய வேண்டாம்.