கேம் கேள்வி பதில்: பொம்மைக் கடைக்குள் போன சாம்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேமைப் பற்றியவை: 2005-இல் வந்த 'சீரியஸ் சாம் 2' (சாம் என்ற வீரனாக நின்று எதிரிகளைச் சுட்டுத் தள்ளும் கேம்). மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கே: முதல் இரண்டு சாம் கேமையும் காலேஜ் நாளில் பிரவுசிங் சென்டரில் கிடையாய்க் கிடந்து ஆடினோம். இரண்டாம் பாகம் வந்ததும் 'சின்னப் பிள்ளை விளையாட்டு' என்று பாதியில் விட்டாச்சு. இப்போ திரும்ப எடுக்கலாமா, அல்லது சவத்தை விட்டுரலாமா? (மார்த்தாண்டம் வாசகர்)

எடுக்கலாம். ஆனால் அன்றைக்கு ஏன் பிடிக்காமல் போனது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொண்டு எடுங்கள்.

குரோஷியாவின் குரோட்டீம் நிறுவனம் 2001-இலும் 2002-இலும் தந்த முதல் இரண்டு கேம்களில் (இரண்டும் சேர்ந்துதான் முதல் பாகம்) கிறுக்குத்தனம் குறைவில்லை. 'கமிக்காசி' என்ற தலையில்லாத ஆள் இரண்டு கையிலும் குண்டோடு கத்திக்கொண்டு ஓடி வருவான். ஆனால் சுற்றிலும் எகிப்து மணல், கல் தூண், நிஜ வெயில். அந்த நிஜத்துக்குள் கிறுக்கு எடுபட்டது. இரண்டாம் பாகத்தில் உலகமே கார்ட்டூன். கோட் சூட் போட்ட பங்குச்சந்தை ஜோம்பி, துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி, முதுகில் சாவி கொடுத்து ஓடவிட்ட காண்டாமிருகம் என்று வரிசையாக வரும். 'நிறம் கெடுத்தது' என்று எல்லாரும் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

எங்கள் கணக்கில் கெடுத்தது நிறமில்லை, இடம். பழைய கேமில் கமிக்காசியின் கூச்சல் ஆள் கண்ணில் படுமுன்பே காதில் விழும். காளையின் குளம்புச் சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டுத் திரும்பவும், பின்னால் நகர்ந்துகொண்டே சுடவும் மைதானம் போல வெட்டவெளி இருந்தது. இரண்டாம் பாகத்தில் களங்கள் சுருங்கின, எதிரிகள் பக்கத்திலேயே முளைத்தார்கள், பின்வாங்க இரண்டு தப்படி வைத்தால் முதுகு சுவரில் முட்டியது. ஆடும்போது உறுத்தியது அதுதான். பழியை மட்டும் பச்சை, மஞ்சள் நிறத்தின் மேல் போட்டுவிட்டோம்.

2021-இல், கேம் வந்து பதினைந்து வருஷம் கழித்து, 2.90 என்ற அப்டேட்டை விட்டார்கள். இரண்டு கையிலும் துப்பாக்கி பிடிக்கலாம், வேகமாக ஓடலாம், அகலத் திரையிலும் ஒழுங்காகத் தெரியும். இதில் ஓட்டம்தான் பெரிய மருந்து: சட்டென்று திரும்பி ஓடி, வேண்டிய இடைவெளியை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். இரட்டைத் துப்பாக்கி கையில் இருந்தால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும் என்பதால், நீங்கள் வழக்கமாக எடுக்கும் கடினத்தைவிட ஒரு படி மேலே வையுங்கள்.

எம்'டிக்போ, மேக்னர், சி ஃபாங், கிளியர், எல்லேனியர், குரோனர், சிரியஸ் என்று ஏழு கிரகங்கள். ஒரு பதக்கத்தின் ஐந்து துண்டுகளைத் தேடிச் சேர்ப்பதுதான் கதை. ஒரு சாயங்காலத்துக்கு ஒரு கிரகத்தின் பாதி போதும், ஒரே மூச்சில் ஆடினால் திகட்டும். முதல் கிரகத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். எல்லாமே பிரம்மாண்டமாகவும் நாம் பூச்சியாகவும் இருக்கும் மேக்னர் வரை போய்ப் பாருங்கள். அங்கேயும் பிடிக்கவில்லை என்றால் உங்கள் 'சவம்' என்ற சொல்லை ஏற்றுக்கொள்கிறோம். இடையில் வரும் பேச்சுக் காட்சிகளில் பாதி ஜோக் எங்களுக்கே சிரிப்பு வரவில்லை.

கே: எனக்க கையில பழைய டிவிடி கெடக்கு. விண்டோஸ் 11-ல போட்டா ஒண்ணும் நடக்கல்ல. டிஸ்க் கெட்டுப்போச்சா? (நாகர்கோவில் வாசகர்)

டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். அந்தக் காலத்து டிஸ்க்குகளில் நகல் எடுக்கவிடாமல் வைத்த பூட்டுகள் பலவற்றை, பாதுகாப்புக் காரணத்துக்காக விண்டோஸ் 10 முதலே மைக்ரோசாஃப்ட் ஓடவிடுவதில்லை. இன்ஸ்டால் ஆகும், ஐகான் வரும், கிளிக் செய்தால் சத்தமே இருக்காது. இதைச் சுற்றிப் போக இணையத்தில் கிடைக்கும் 'கிராக்' கோப்புகளைத் தொடாதீர்கள், வைரஸ் அப்படித்தான் வீட்டுக்குள் வரும். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் தள்ளுபடி சமயம் பார்த்து ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அப்டேட்டும் அதில் தானாகவே வந்துவிடும்.

வாங்கிய பிறகும் 'டி3டிஎக்ஸ்9' என்று தொடங்கும் கோப்பு இல்லை என்று திரையில் வந்தால், அந்த ஒரு கோப்பைத் தனியாகத் தேடி இறக்க வேண்டாம். கேம்களுக்குப் படம் வரைய உதவும் விண்டோஸ் மென்பொருளான டைரக்ட்எக்ஸ் 9-இன் பழைய பகுதிகள் மொத்தமும் 2010 ஜூன் தொகுப்பில் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அதை இறக்கி நிறுவினால் தீர்ந்தது. விண்டோஸ் 11-இல் இருக்கும் டைரக்ட்எக்ஸ் 12 இவற்றைச் சேர்த்துத் தருவதில்லை.

கே: லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு உண்டு. ஆனாலும் இந்தக் கிழட்டு கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. (தக்கலை வாசகர்)

கேம் ஓடுவது அந்தக் கார்டில் இல்லை. பழைய கேம் என்றால் விண்டோஸ் சில சமயம் மின்சாரம் மிச்சம் பிடிக்க உள்ளமைந்த சின்ன கிராபிக்ஸிடம் தள்ளிவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், கேம் ஃபோல்டருக்குள் 'பின்' என்ற ஃபோல்டரில் இருக்கும் சாம்2 கோப்பைச் சேர்த்து, 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' தேர்ந்தெடுங்கள். சார்ஜரைச் செருகிவிட்டு ஆடுங்கள். மௌஸ் செட்டிங்கில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' டிக்கையும் எடுத்துவிடுங்கள். கையை வேகமாக அசைத்தால் ஒரு தூரம், மெதுவாக அசைத்தால் ஒரு தூரம் என்று குறி தாவுவது அதனால்தான்.

கே: இந்த கேமுக்காகவே வைத்திருந்த பழைய டெஸ்க்டாப் ஒரு வருஷமாக மூடிக் கிடந்தது. இப்போது ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, பீப் பீப் என்கிறது, படம் வரவில்லை. வீடு கடலுக்குப் பக்கம். (குளச்சல் வாசகர்)

பெரும்பாலும் ரேம்தான். உப்புக் காற்று வீட்டுக்குள் வந்து படிகிறது, உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. ரேம் விளிம்பில் வரிசையாக இருக்கும் தங்கநிறப் பற்களை டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக ஒரு படலமோ, ஓரத்தில் பச்சைப் புள்ளியோ தெரியும். தங்கப் பூச்சு மிக மெல்லியது, அதில் நுண்துளை இருந்தால் அடியில் இருக்கும் செம்பு களிம்பேறும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். பென்சில் அழிக்கும் மெதுவான வெள்ளை ரப்பரால் பற்களின் மேல் ஒரே திசையில் நாலைந்து முறை தேய்த்தால் போதும். பேனா மையை அழிக்கும் சொரசொர ரப்பர் கூடாது, பூச்சையே உரித்துவிடும். பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். கை கழுவும் சானிட்டைசரை அதற்குப் பதிலாக எடுக்காதீர்கள், அதிலிருக்கும் கிளிசரின் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிஷம் காயவிட்டு, ஸ்லாட்டை பிளோயரால் ஊதி, 'டக்' என்று கிளிப் விழும்வரை அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டின் பற்களுக்கும் இதே வைத்தியம்.

படம் வந்தும் தேதி 20 வருஷம் பின்னால் நின்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 செல்லை மாற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் என்ற மின்சாரம் தரும் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம், பிளக் பிடுங்கின பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

இனிமேல் பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். வாரம் இரண்டு முறை அரை மணி நேரம் ஆன் செய்து வைத்தாலே அந்தச் சூட்டில் ஈரம் போய்விடும். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் வாங்கும் நம் குமரி மாவட்டத்தில் இது பூ அலங்காரம் மாதிரி விருப்பப்பட்டால் செய்யும் வேலை இல்லை.

கே: லீவுக்கு வரும் தம்பிமார் நாலு பேர் சேர்ந்து ஒரே வீட்டில் ஆட வழி உண்டா? (கருங்கல் வாசகர்)

உண்டு, ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் முடியாது. முதல் கேம்களில் திரையை நாலாகப் பிரித்து ஆடலாம், இதில் அதை எடுத்துவிட்டார்கள். நாலு கம்ப்யூட்டர், நாலு பிரதி வேண்டும்.

வைஃபையை விட்டுவிட்டு, ரௌட்டரின் பின்னால் இருக்கும் லேன் போர்ட்டுகளில் கேட்5இ நெட்வொர்க் கேபிள் போட்டு இணையுங்கள். நாலு பேரின் கேமும் ஒரே வெர்ஷனாக இருக்க வேண்டும், பாதி சண்டை இங்கேதான் வரும். ஒருவர் ஆட்டத்தைத் தொடங்கினதும் விண்டோஸ் ஃபயர்வால் கேட்கும் கேள்விக்கு 'பிரைவேட்' டிக்கோடு அனுமதி கொடுங்கள். அவசரத்தில் 'கேன்சல்' அடித்திருந்தால் மற்ற மூவருக்கும் அவர் ஆட்டம் கண்ணில் படாது. அப்படி ஆனால் கண்ட்ரோல் பேனலில் ஃபயர்வால் அனுமதிப் பட்டியலைத் திறந்து டிக்கைத் திரும்பப் போடுங்கள். யாராவது ரௌட்டரின் 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தாலும் அவரைத் தேடிப் பயனில்லை, அது ஒருவரை ஒருவர் பார்க்கவிடாத இணைப்பு.

பொம்மை நிறத்தைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துவிடாதீர்கள். ரத்தம் தாராளமாகத் தெறிக்கும்.

கே: சாவி கொடுத்த காண்டாமிருகம் வந்தாலே தோற்றுப்போகிறேன். எதற்கு எந்தத் துப்பாக்கி? (குலசேகரம் வாசகர்)

பாய்ந்து வருகிற காண்டாமிருகத்துக்கு முன்னால் பின்வாங்கினால் அது ஜெயிக்கும். நின்ற இடத்தில் நில்லுங்கள், கடைசி நொடியில் பக்கவாட்டில் ஒதுங்குங்கள். நம்மைத் தாண்டிப் போய் அது திரும்புவதற்குள் இரட்டைக்குழல் ஷாட்கன் இரண்டு முறை பேசிவிடும். கமிக்காசிக்கு நல்ல தோட்டாவை வீணாக்க வேண்டாம். முன்னால் வருபவனைத் தூரத்திலேயே 'உஸி' என்ற சின்ன இயந்திரத் துப்பாக்கி மூலம் சுட்டால் அவன் வெடித்துப் பக்கத்தில் இருப்பவனையும் கூட்டிக்கொண்டு போவான். பறப்பவற்றுக்கும் உஸிதான். குறுகலான இடத்தில் ராக்கெட் லாஞ்சரைத் தூக்கினால் முதல் அடி நமக்கே. தோட்டா தீராத ஜாப் துப்பாக்கியைப் பட்டனை அழுத்திப் பிடித்து சார்ஜ் ஏற்றிச் சுட்டுப் பழகுங்கள், கஷ்டகாலத்தில் கை கொடுக்கும். குண்டைத் தூக்கிக்கொண்டு தானே எதிரியைத் தேடிப் போகும் கிளி ஒன்று உண்டு, பெயர் குளோடோவிக். கண்ணுக்குத் தெரியாத மூலையில் நின்று சுடுகிறவனுக்கு அதை வையுங்கள்.

மழை நேரத்தில் கரண்ட் போய் ஆட்டம் அழிகிறது என்று இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். 600 விஏ யுபிஎஸ் இருந்தால் சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு கடைசியில் வரும் பெரிய எதிரியை (பாஸ்) முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

கே: இதற்குப் பிறகு கதை என்ன ஆகிறது? மூன்று, நாலு எல்லாம் வந்திருக்கிறதே. (கன்னியாகுமரி வாசகர்)

2011-இல் வந்த மூன்றும், 2020-இல் வந்த நாலும் முதல் கேமுக்கு முந்தைய கதை. கதைக் கணக்கில் கடைசியாக நிற்பது இன்னமும் இந்தப் பொம்மைக் கடைதான்.