கேள்வி-பதில்: இலை வார்க்கக் கிளம்பும் முன் மூட்டையைப் படியுங்கள்

கேள்வி (திருநெல்வேலி): பக்கத்துக் கடையில் 10 கிலோ சிமெண்ட் சில்லறையாக வாங்கி, சேம்பு இலையை அச்சாக வைத்து ஐந்து சிமெண்ட் தட்டு வார்த்தேன். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல். ஐந்துமே ஓரத்தில் மாவாக உதிர்கின்றன. கலவை தப்பா?

பதில்: கலவையில் தப்பில்லை, கடையில்தான் தப்பு. சில்லறை சிமெண்டைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. மூட்டை மேல் ஐஎஸ்ஐ முத்திரை, வகை, நிரப்பிய வாரம், மாதம், ஆண்டு எல்லாம் அச்சிட்டிருக்கும். கிலோ கணக்கில் அள்ளிப் போடும்போது அத்தனையும் கடையிலேயே தங்கிவிடும். பிரித்த மூட்டை காற்றின் ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே இறுகும். பிரிக்காத மூட்டைகூட மூன்று மாதத்தில் சுமார் 20 சதவீத வலுவை இழக்கும். சுவரில் இது உடனே தெரியாது. ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள இலை ஓரத்தில் மறுநாளே தெரிந்துவிடும். நல்ல சிமெண்ட் கையில் அள்ளினால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். விரலிடையில் நெருடக் கூடாது. கட்டி தட்டியிருக்கவே கூடாது. கொஞ்சம்தான் தேவையென்றால் தேதி அச்சிட்ட 5 கிலோ வெள்ளை சிமெண்ட் பொட்டலம் வாங்குங்கள். அல்லது கட்டட வேலை நடக்கும் இடத்தில், கண் முன்னே பிரித்த மூட்டையிலிருந்து கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (ஈரோடு): மூன்று இலைக்கு எவ்வளவு சாமான் வாங்குவது? எப்படி வார்ப்பது?

பதில்: ஒன்றரை அடி இலை ஒன்றுக்கு ஒன்றரை கிலோ சிமெண்ட், நாலரை கிலோ சலித்த பி-சாண்ட் (பூச்சு வேலைக்கான செயற்கை மணல்). மூன்றுக்கு 5 கிலோ சிமெண்ட் போதும். ஈர மணலைக் குவித்து, மேலே பாலிதீன் விரித்து, இலையின் அடிப்புறம் மேலே தெரியும்படி வையுங்கள். புடைத்த நரம்பு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. காம்பை ஒட்ட நறுக்கிவிடுங்கள். கலவை வடை மாவுப் பதம். தண்ணீர் கூடினால் ஓரம் வழியும், காய்ந்ததும் வெடிக்கும். முதல் பூச்சை நரம்புச் சந்துகளில் விரலால் அழுத்துங்கள். நடுவில் 2 சென்டிமீட்டர், ஓரத்தில் 1 சென்டிமீட்டர் கனம். ஓர் அடிக்கு மேற்பட்ட இலைக்கு நடுவே ஃபைபர் வலை வேண்டும். கலவை இலை விளிம்பைத் தாண்டி இறங்கக் கூடாது. இறங்கினால் இலை உள்ளே மாட்டிக்கொள்ளும். பாலிதீன் மூடி இரண்டு நாள் விட்டுத் திருப்புங்கள். பிறகு ஏழு நாள் ஈரச் சாக்கு.

கேள்வி (சேலம்): வாழை இலையில் வார்க்கலாமா?

பதில்: வேண்டாம். நரம்பு மெலிது, பதிவு எடுபடாது.

கேள்வி (கடலூர்): 'மழை தாங்கும் கான்கிரீட்' என்று ஆன்லைனில் விற்ற இலை வார்ப்பு கிட் வாங்கினேன். முதல் மழையிலேயே தட்டுகள் கரைந்து குழைந்தன. திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை, அம்மா. மிச்சமிருக்கும் மாவில் ஒரு கரண்டி குழைத்துப் பாருங்கள். கால் மணி நேரத்தில் சூடாகி இறுகினால் பெரும்பாலும் அது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், வீட்டுக்குள் வைக்கும் பொருள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்க 2020 மின்வணிக விதிகள் இடம் தரவில்லை. விளம்பரப் பக்கம், பில், கரைந்த தட்டு மூன்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தந்தாக வேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. விடாதீர்கள்.

கேள்வி (மதுரை): இலை உரிந்து வரவில்லை. எந்த எண்ணெய் வாங்கித் தடவுவது?

பதில்: எதுவும் வாங்காதீர்கள். காய விட்டுத் தேங்காய் நார் பிரஷ்ஷால் தேயுங்கள்.

கேள்வி (கோவை): மூன்றாம் நாள் பச்சைப் பெயிண்ட் அடித்தேன். வெள்ளை பூத்து உரிகிறது. பெயிண்ட் போலியா?

பதில்: டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? புது சிமெண்டின் சுண்ணாம்புக் காரம் வெளியே வந்துகொண்டே இருக்கும். 28 நாள் பொறுக்க வேண்டும். கடைக்காரரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அடுத்த முறை ஆக்சைடு நிறப்பொடியைச் சிமெண்ட் எடையில் 5 சதவீதம் கலவையிலேயே சேருங்கள், நிறம் உரிந்துபோக வழியில்லை. மேல்பூச்சுக்கு, கான்கிரீட்டுக்குள் ஊறித் தண்ணீரைத் தடுக்கும் சிலேன்-சிலாக்சேன் வகை சீலர் என்று கேட்டு வாங்குங்கள். மர வார்னிஷை சீலர் என்று நம்பி நானும் வாங்கியிருக்கிறேன். முதல் மழையில் தோலாக உரிந்தது.

கேள்வி (நாகர்கோவில்): வெறுங்கையால் குழைத்தேன், விரலெல்லாம் புண். நல்ல களிம்பு எது?

பதில்: களிம்புக் கடைக்கு அல்ல, மருத்துவரிடம் போங்கள். ஈர சிமெண்ட் காரம், தோலை வேகவைத்துவிடும். ரப்பர் கையுறை வாங்காமல் அடுத்த மூட்டையைப் பிரிக்காதீர்கள்.